எல்லா அளவுக்கும்

கோவை மாவட்டத்துக் கிணத்துக்கடவுத் தெருக்களில் மார்கழி விடியலில் போடப்படும் சிக்குக் கோலங்களில் மிக எளிய வகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேர்ப்புள்ளி, செவ்வக வடிவம், வரிசைக்கு ஐந்து புள்ளியாக மூன்று வரிசை. கோடு எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகவே புகுந்து போகும். அந்த இடத்தில் எதிரே வரும் இன்னொரு சாய்கோட்டை வெட்டும். ஓரத்துக்கு வந்தால் மட்டும் வளைந்து உள்ளே திரும்பும். எங்கே தொடங்கினாலும் சரி, கையெடுக்காமல் இழுத்துக்கொண்டே போனால் பதினைந்து புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். ஒரே கோடு.

இனி வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. புள்ளி குறைந்துவிட்டதே, இன்னும் சுலபமாக முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. பல புள்ளிகள் பாதிச் சுற்றோடு நிற்கும்போதே கோடு மூடிக்கொள்ளும். மறுபடி ஓர் இடத்தில் தொடங்க வேண்டும், அதுவும் மூடிக்கொள்ளும், மூன்றாவது கோட்டில்தான் கோலம் நிறையும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு கோடு. ஐந்துக்கு ஏழு வைத்தால் ஒன்று. ஆறுக்கு ஒன்பது என்றால் மூன்று. பள்ளிக்கூடக் கணக்கு நினைவிருப்பவர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்கள்: கோடுகளின் எண்ணிக்கை, அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி.

காரணம் சொல்வது கடினமில்லை. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை ஓர் அலகு என்று வையுங்கள். அகலத்தில் 'க' புள்ளிகள், உயரத்தில் 'ச' புள்ளிகள். சாய்கோடு பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவே மேலோ கீழோ நகரும். பக்கவாட்டு நகர்வை மட்டும் பார்த்தால், ஓர் ஓரம் தொட்டு, எதிர் ஓரம் தொட்டு, பழைய இடத்துக்குப் பழைய திசையிலேயே வந்துசேர 'க'-வைப் போல் இருமடங்கு தூரம் ஆகும். மேல்கீழ் நகர்வுக்கு 'ச'-வைப் போல் இருமடங்கு. இரண்டும் ஒன்றாகக் கூடிவரும் முதல் கணத்தில்தான் கோடு மூடும்; அந்தத் தூரம் இரு எண்களின் மீச்சிறு பொது மடங்கைப் போல் இருமடங்கு. எந்தக் கோட்டை எடுத்தாலும் இதே நீளம்தான். இனி முழுக் கோலத்தையும் அளப்போம். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு சாய்துண்டுகள், ஒவ்வொன்றும் பக்கவாட்டில் அரை அலகு. ஆகப் புள்ளிக்கு இரண்டு அலகு. மொத்தம் 2 × க × ச. இதை ஒரு கோட்டின் நீளத்தால் வகுத்தால் கோடுகளின் எண்ணிக்கை வரும். இரண்டு எண்களின் பெருக்கலை அவற்றின் மீச்சிறு பொது மடங்கால் வகுத்தால் கிடைப்பது மீப்பெரு பொது வகுத்தி. அவ்வளவுதான் நிரூபணம்.

நூறு கோலம் போட்டுப் பார்த்து இந்த விதியைக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் நூற்றியோராவது கோலத்தில் அது பொய்க்காது என்பதற்கு அந்த நூறும் சாட்சியாகாது. மேலே உள்ள பத்தியோ இதுவரை யாரும் போடாத, போட வாசல் போதாத கோலத்துக்கும் சேர்த்துப் பேசுகிறது. எல்லா அளவுக்கும் பேசுகிறது. கோட்பாட்டுக் கணினியியல் என்ற துறை முழுவதும் இந்த 'எல்லா அளவுக்கும்' என்பதைத் தேடிய உழைப்புதான். அந்தத் துறைக்காரர்கள் இந்தியாவில் 1981 முதல் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். பெரும்பாலும் மார்கழியை ஒட்டிய டிசம்பர் நாட்களில்தான்.

*

கோலத்தை வேண்டுமென்றே இழுத்துவந்து கணினியியலோடு ஒட்டவைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அது தாம்பரத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோன்மணி. அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் அவருடைய மனைவி ராணி சிரோன்மணி. இவர்கள் இருவரும், பிற்காலத்தில் சென்னை ஐஐடியில் பேராசிரியரான கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1972இல் படமொழிகள் பற்றியும், 1974இல் நேரடியாகக் கோலத்தைப் பற்றியும் ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வியைப் புரிந்துகொள்ள நோம் சாம்ஸ்கியிடம் போக வேண்டும். 1950களில் அவர் ஒரு மொழியின் இலக்கணத்தைச் சில மாற்றெழுத்து விதிகளாகச் சுருக்கலாம் என்று காட்டினார். 'இந்தக் குறி வந்தால் அதை எடுத்துவிட்டு இந்தத் தொடரை வை' என்பது போன்ற விதிகள். விதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலிருந்து பிறக்கும் தொடர்களோ முடிவில்லாதவை. நிரல் மொழிகளைக் கணினிக்குப் புரியவைக்கும் கம்பைலர் ஒவ்வொன்றுக்குள்ளும் இந்த இலக்கணம் உண்டு. ஆனால் சாம்ஸ்கியின் தொடர்கள் ஒரே வரியில் இடமிருந்து வலமாகப் போகிறவை. கோலம் அப்படியல்ல. அது தரையில் இரண்டு பக்கமும் விரிகிறது. சின்ன வாசலுக்கு ஒரு கோலம் தெரிந்தவர் அதே கோலத்தைப் பெரிய வாசலுக்குப் பெரிதாகப் போடுகிறார். மனதில் இருப்பது ஒரு படம் அல்ல, படத்தை வளர்க்கும் விதி. அந்த விதியை எழுத எப்படிப்பட்ட இலக்கணம் வேண்டும், எந்த இலக்கணத்தால் எந்தக் கோலக் குடும்பத்தை உண்டாக்கவே முடியாது என்பதுதான் தாம்பரத்துக் கேள்வி. அணிகளாக விரியும் இலக்கணங்களை அவர்கள் வகுத்தார்கள். படமொழிகள் பற்றிய உலக ஆய்வில் இன்றும் அந்தக் கட்டுரைகள் எடுத்தாளப்படுகின்றன. பிற்பாடு கம்பிக் கோலம் எனப்படும் சிக்குக் கோலத்தில் கை எப்படி நகர்கிறது என்பதையே குறியீடுகளாக எழுதினார்கள்.

எனக்கு இதில் மதிப்புக்குரியதாகப் படுவது அவர்களுடைய துணிவு. வாசலில் அன்றாடம் பெண்கள் போட்டு, மதியத்துக்குள் மிதிபட்டு மறையும் ஒன்றை, நிறுவப்பட்ட கணிதத்தின் முன் சமமாக வைத்தார்கள். அலங்காரம் என்று ஒதுக்கவில்லை, பழம்பெருமை என்று போற்றிவிட்டு நகரவும் இல்லை. அதனுள் இருக்கும் விதி என்ன என்று கேட்டார்கள்.

*

'மென்பொருள் தொழில்நுட்பத்தின் அடிப்படைகளும் கோட்பாட்டுக் கணினியியலும்' என்ற நீண்ட பெயரின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து, தொடக்கத்தில் சொன்ன அந்த ஆண்டு மாநாட்டை எஃப்எஸ்டிடிசிஎஸ் என்கிறார்கள். ஐஏஆர்சிஎஸ் எனப்படும் இந்தியக் கணினியியல் ஆராய்ச்சிச் சங்கம் நடத்துகிறது. முதல் மாநாடு 1981இல் பெங்களூரில். 

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஐபிஎம் நிறுவனம் 1978இலேயே இந்தியாவை விட்டுப் போயிருந்தது. ஒரு கணினியை இறக்குமதி செய்ய உரிமம், அன்னியச் செலாவணி, ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. இன்ஃபோசிஸ் தொடங்கியதே 1981இல்தான். எந்திரம் அபூர்வமாக இருந்த நாட்டில், எந்திரம் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்று ஆராயும் மாநாடு பிறந்தது. இது முரணாகத் தோன்றலாம். எனக்கு இயல்பாகவே படுகிறது. இந்தத் துறைக்கு முதலீடு தாளும் பேனாவும் நல்ல துணையும். துணைதான் அரிது. வெளிநாட்டு ஆய்விதழ்கள் கப்பலில் மாதங்கள் கழித்து வரும். அதுவும் ஒருசில நூலகங்களுக்கு மட்டும். ஒரு நிரூபணத்தைக் கண்டவரே கரும்பலகை முன் நின்று விளக்கக் கேட்பதும், 'இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படிப் போனீர்கள்?' என்று அங்கேயே மறிப்பதும் அந்த நாட்களில் எவ்வளவு பெரிய வாய்ப்பு!

மற்ற அறிவியல்களில் மாநாடு என்றால் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, விரிவாக இதழில் வெளியிடுவது வழக்கம். கணினியியலில் மாநாட்டுக் கட்டுரையே முதன்மையான வெளியீடு. அனுப்பப்படும் ஒவ்வொரு கட்டுரையையும் அதே துறையில் உழைப்பவர்கள் சிலர் வரிவரியாகப் படித்து, நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறதா, முடிவு புதியதா என்று எடைபோடுகிறார்கள். பெரும்பாலானவை திருப்பி அனுப்பப்படும். ஏற்கப்பட்டவர் டிசம்பரில் வந்து சில நிமிடங்களில் தன் ஓராண்டு உழைப்பைச் சொல்ல வேண்டும். கட்டுரையில் ஆசிரியர்களின் பெயர்கள் அகரவரிசையில் வருவது இத்துறையின் மரபு. பேராசிரியர், மாணவர் என்ற முன்பின் அதில் இல்லை. எழுபது வயது அறிஞரின் பெயர் இருபது வயது மாணவியின் பெயருக்குக் கீழே இருப்பதைப் பார்க்கலாம்.

1984ஆம் ஆண்டு மாநாட்டுக் கட்டுரைகள் முதல் தொடங்கி ஸ்பிரிங்கர் பதிப்பகம் தொகுதிகளாக வெளியிட்டது. அந்த 1984 தொகுதியின் பதிப்பாசிரியர்கள் மத்தாய் ஜோசப், ஆர். கே. சியாமசுந்தர். மாநாடு டெல்லி, புனே, பம்பாய், ஐதராபாத், கரக்பூர், கான்பூர் என்று ஊர் ஊராகப் போனது. 1994இல் மதராசுக்கு வந்தபோது தொகுதியைப் பதிப்பித்தவர் பி. எஸ். தியாகராஜன். ஒரே நேரத்தில் பல வேலைகள் இணைந்து நடக்கும் அமைப்புகளைப் பற்றிய ஆய்வைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தவர்களில் அவர் முக்கியமானவர். 1962இல் தொடங்கி இன்று தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனமும், சி. எஸ். சேஷாத்ரி 1989இல் ஸ்பிக் அறக்கட்டளையில் தொடங்கி இன்று சென்னைக் கணிதக் கழகமாக சிறுசேரியில் இருக்கும் நிறுவனமும் இத்துறைக்கு உலகம் அறிந்த முகவரிகள். 1998, 1999, 2004, 2010, 2016, 2022 என்று மாநாடு சென்னைக்குத் திரும்பத் திரும்ப வந்ததற்கு இதுவே காரணம்.

2008இல் எடுத்த ஒரு முடிவை நான் தனியாகப் பாராட்ட விரும்புகிறேன். அந்த ஆண்டு மாநாடு ஸ்பிரிங்கரை விட்டு, ஜெர்மனியின் டாக்ஸ்டூல் மையம் புதிதாகத் தொடங்கிய திறந்த வெளியீட்டு வரிசைக்கு மாறியது. அந்த வரிசையின் இரண்டாவது தொகுதியே இந்திய மாநாட்டினுடையது. அதுவரை ஒரு தொகுதி வாங்கப் பெரிய நூலகத்தால்தான் முடியும். அதன் பிறகு பொள்ளாச்சிச் சாலையில் பேருந்தில் போகும் மாணவர் தன் கைப்பேசியில் எந்தக் கட்டுரையையும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம். அறிவைப் பங்கிடுவது பற்றிப் பலரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் செய்து முடித்தார்கள்.

*

அண்மை ஆண்டுகளில் மாநாடு கட்டுரைகளை ஏ, பி என்று இரண்டு பிரிவாகப் பெறுகிறது. ஏ பிரிவு அல்காரிதங்களும் அவற்றுக்கு ஆகும் செலவும். பி பிரிவு தர்க்கம், தானியங்கிகள் எனப்படும் கணித எந்திரங்கள், மென்பொருளின் சரித்தன்மை. நம் அன்றாடத்தோடு அதிகம் உரசுவது பி பிரிவு என்பதால் அதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்புசெட் செய்கிறவர்கள் பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை. முப்பது அடிக்குத் தண்ணீர் ஏற்றியது, அறுபது அடிக்கும் ஏற்றியது என்றால் நாற்பத்தைந்து அடிக்கும் ஏற்றும் என்று நம்பலாம். இரும்பும் நீரும் மின்சாரமும் அப்படித்தான் நடந்துகொள்ளும். நடுவில் திடீரென்று ஓரிடத்தில் மட்டும் மாறாது. மென்பொருளில் இந்த நியாயம் செல்லாது. நாற்பத்து நான்குக்கும் நாற்பத்தாறுக்கும் சரியான விடை தந்த நிரல், நாற்பத்தைந்துக்கு மட்டும் தவறு செய்யலாம். நிரலில் ஒவ்வொரு 'இப்படியானால்' என்ற நிபந்தனையும் பாதையைப் பிளக்கிறது. யாரும் இதுவரை நடக்காத பாதை ஒன்று உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் சோதித்துவிடலாமே? 32 பிட் நீளமுள்ள இரண்டு எண்களைக் கூட்டும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடச் சிறிய வேலை இல்லை. சாத்தியமான இணைகள் 2-இன் 64ஆம் அடுக்கு. வினாடிக்கு நூறு கோடி இணைகளைச் சோதித்தாலும் முடிக்கச் சுமார் 585 ஆண்டுகள் ஆகும். ஒரு கூட்டலுக்கே இவ்வளவு.

2015இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பட்டியலை வரிசைப்படுத்த டிம்சார்ட் என்றோர் அல்காரிதம் உண்டு. டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தான் மொழிக்காக எழுதியது. பிறகு ஜாவாவுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் போனது. எண்ணிலடங்காத கைப்பேசிகளில் பல ஆண்டுகள் ஓய்வில்லாமல் ஓடியது. இதைவிடப் பெரிய சோதனை உலகத்தில் இருந்திருக்காது. ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று, ஸ்டைன் டி கோவ் முன்னிருக்க, அது சரிதான் என்று நிரூபித்துவிடலாம் என்று உட்கார்ந்தது. நிரூபணம் ஓரிடத்தில் நகர மறுத்தது. ஏன் நகரவில்லை என்று தோண்டியபோது பிழை அகப்பட்டது. மிக நீண்ட, குறிப்பிட்ட விதமாக அமைந்த பட்டியலைக் கொடுத்தால் ஜாவாவின் டிம்சார்ட் உடைந்து நின்றுவிடும். கோடிக்கணக்கான முறை ஓடியும் வெளிவராதது, 'எல்லாப் பட்டியலுக்கும் சரி' என்று எழுத முயன்றவுடன் வெளிவந்தது. நிரலைத் திருத்தினார்கள், திருத்திய வடிவத்தை நிரூபித்தார்கள்.

இப்படி நிரூபிக்கும் வேலையையே ஒரு நிரலிடம் ஒப்படைத்துவிட முடியாதா? எந்த நிரலைக் கொடுத்தாலும் அது சரியா தவறா என்று சொல்லிவிடும் ஒரு பெருநிரல்? முடியாது என்று ஆலன் டூரிங் 1936இலேயே, கணினி பிறப்பதற்கு முன்பே, நிறுவிவிட்டார். ஒரு நிரல் என்றாவது ஓடி முடியுமா, முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லும் சோதனை நிரல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை உள்ளே வைத்து இன்னொரு நிரல் எழுதலாம்: அது தன்னைப் பற்றியே சோதனை நிரலிடம் கேட்கும், 'நீ முடிவாய்' என்றால் முடிவில்லாமல் சுற்றும், 'முடியமாட்டாய்' என்றால் உடனே நிற்கும். சோதனை நிரல் எதைச் சொன்னாலும் பொய்யாகிறது. ஆகவே அப்படியொரு சோதனை நிரல் இருக்கவே முடியாது. இன்றைய வேகமான கணினிக்கும் நாளைய கணினிக்கும் இந்தத் தடை பொருந்தும்.

எல்லா நிரல்களுக்கும் முடியாது என்றால், எந்த வகைக்கு முடியும்? பி பிரிவுக்குரிய துறையின் அரை நூற்றாண்டு உழைப்பு இந்தக் கேள்வியில்தான். இதற்குக் கிணத்துக்கடவு ரயில் பாதையே போதுமான எடுத்துக்காட்டு. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை சுமார் 40 கிலோமீட்டர், ஒற்றைத் தடம். மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2017இல் மறுபடி திறக்கப்பட்டது. ஒற்றைத் தடத்தில் போத்தனூரிலிருந்து ஒரு வண்டியும் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வண்டியும் புறப்படுகின்றன. நடுவே ஒரு நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நிற்க மற்றது கடக்க வேண்டும். சிக்னல்களை இயக்கும் நிரலிடம் நாம் எதைக் கேட்போம்? ஒரே பகுதியில் இரு வண்டிகள் ஒருபோதும் இருக்கக் கூடாது. இது முதல் கேட்பு. ஆனால் இதை மட்டும் கேட்டால் போதாது. எல்லா சிக்னலையும் எப்போதும் சிவப்பாகவே வைத்திருக்கும் நிரலும் இந்தக் கேட்பை முழுமையாக நிறைவேற்றும். ஒரு வண்டியும் பொள்ளாச்சி போய்ச் சேராது. ஆகவே இரண்டாவது கேட்பு: காத்திருக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் என்றாவது பச்சை விழ வேண்டும். கெட்டது ஒருபோதும் நடக்காது, நல்லது என்றாவது நடக்கும். லெஸ்லி லாம்போர்ட் 1977இல் இந்தப் பிரிவினையைத் தெளிவாக வைத்தார். அதே ஆண்டு ஆமிர் ப்னுவேலி, 'எப்போதும்', 'என்றாவது' என்ற சொற்களுக்குக் கணிதத் துல்லியம் கொடுக்கும் காலத் தர்க்கத்தை நிரல்களுக்குக் கொண்டுவந்தார்.

சிக்னல், பாய்ண்ட், வண்டியின் இருப்பிடம் எல்லாம் சேர்ந்து ஒரு நிலை. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வழிகள் உண்டு. நிலைகளின் எண்ணிக்கை முடிவுள்ளது என்பதால் டூரிங்கின் தடை இங்கே குறுக்கே வராது. எல்லா நிலைகளையும் ஒரு நிரலே தேடிப் பார்த்து 'உன் கேட்பு மெய்' என்றோ, 'இதோ, இப்படிப் போனால் உடையும்' என்றோ சொல்ல முடியும். எட்மண்ட் கிளார்க்கும் ஆலன் எமர்சனும் இதை எழுதியது 1981இல், பெங்களூரில் முதல் மாநாடு கூடிய அதே ஆண்டு. பிரான்சில் ஜோசப் சிஃபாக்கிஸ் தனியாக இதே இடத்துக்கு வந்தார். மூவருக்கும் 2007ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. இரண்டே நிலை கொண்ட கருவிகள் முப்பது சேர்ந்தால் மொத்த நிலைகள் 107 கோடியைத் தாண்டும். நேரத்தையும் சேர்த்தால், வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டால், இன்னும் மோசம். அந்தப் பெருக்கத்தை எப்படி மடக்குவது, எங்கே மடக்கவே முடியாது என்பது பற்றி எஃப்எஸ்டிடிசிஎஸ் தொகுதிகளில் ஆண்டுதோறும் கட்டுரைகள் வருகின்றன. பாரிஸில் 1998இல் ஓட்டுநர் இல்லாமல் ஓடத் தொடங்கிய 14ஆம் எண் மெட்ரோ தடத்தின் பாதுகாப்பு மென்பொருளைக் கணித நிரூபணத்தோடு சேர்த்தே எழுதினார்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று இதை இனி யாரும் சொல்ல முடியாது.

*

ஏ பிரிவின் பக்கத்தை ஒரே ஒரு நிகழ்வின் வழியாகப் பார்த்துவிடலாம். ஓர் எண் பகா எண்ணா, இல்லையா? அதன் வர்க்கமூலம் வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாம். நூறு இலக்க எண்ணுக்கு அப்படிச் செய்ய, ஒன்றுக்குப் பின் ஐம்பது சுழியம் போட்ட எண்ணிக்கையில் வகுத்தல் வேண்டும். பிரபஞ்சத்தின் வயது போதாது. 1970களின் பிற்பாதியில் கேரி மில்லரும் மைக்கேல் ராபினும் தந்த வழி மின்னல் வேகமானது, ஆனால் தற்செயலாக எண்களைத் தேர்ந்து சோதிப்பது. இருபது முறை சோதித்தால் தவறாக 'பகா எண்' என்று சொல்லும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. வங்கிப் பரிவர்த்தனைகளைப் பூட்டும் மறைக்குறியீட்டுக்குப் பெரிய பகா எண்களைத் தேட அது போதும், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கணிதத்துக்கு அது போதாது. ஐயம் துளியும் இல்லாமல், இலக்கங்களின் எண்ணிக்கை கூடும்போது வேலை கட்டுக்கடங்காமல் பெருகிவிடாமல் ஒரு வழி இருக்கிறதா என்று உலகத்தின் சிறந்த மூளைகள் தேடின.

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியிலிருந்து மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இரு மாணவர்களும் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றைச் சில அறிஞர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஃபெர்மா பதினேழாம் நூற்றாண்டில் சொன்ன ஒரு தேற்றத்தைப் பல்லுறுப்புக்கோவைகளுக்கு விரித்து, அதை ஒரு சிறிய அளவுக்குள் மடக்கிச் சோதித்தாலே போதும் என்று நிறுவியிருந்தார்கள். பட்டதாரிப் படிப்பில் கற்கும் இயற்கணிதம் தெரிந்தவர் பேனாவும் தாளுமாக உட்கார்ந்தால் பின்தொடரக்கூடிய நிரூபணம். சில நாட்களுக்குள் அது சரியென்று உறுதியானது. 2004இல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழ் வெளியிட்டது. 2006இல் கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடல் பரிசு. 2002 டிசம்பரில் எஃப்எஸ்டிடிசிஎஸ் கூடியது கான்பூரில்தான். தொகுதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவர் அதே அகர்வால்.

அந்தக் கண்டுபிடிப்பு வானத்திலிருந்து விழுந்தது என்று நினைக்கக் கூடாது. இருபது ஆண்டுகளாக ஆண்டுக்கொரு முறை கூடி, ஒருவர் நிரூபணத்தை மற்றவர் துருவி, மாணவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து வளர்த்த ஒரு கூட்டம் இந்த நாட்டில் இருந்தது. 'இது தீராத கேள்வி, உனக்கு ஏன்?' என்று இருபத்தொரு வயது மாணவரிடம் சொல்லாத ஆசிரியர்கள் இருந்தார்கள்.

கொங்கு நாட்டில் இதற்கான நிலம் இல்லாமலில்லை. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, கோட்பாட்டுக் கணினியியல் என்ற பெயரிலேயே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. நடத்துகிறது. மாநாட்டை நடத்தும் அதே ஐஏஆர்சிஎஸ்தான் பள்ளி மாணவர்களுக்கான இந்தியக் கணினி ஒலிம்பியாட்டையும் நடத்துகிறது. அதன் முதல் சுற்றுத் தேர்வு பல ஆண்டுகள் கணினியே இல்லாமல், தாளில் யோசித்து விடை எழுதுவதாக இருந்தது. கணித அறிவியல் நிறுவனத்தில் தர்க்கம் ஆய்ந்து, 1998 மாநாட்டுத் தொகுதியை வி. அரவிந்தோடு சேர்ந்து பதிப்பித்த ஆர். ராமானுஜம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோடும் 'துளிர்' இதழோடும் நெடுங்காலம் உழைத்தவர். ஆய்வரங்கத்துக்கும் அரசுப் பள்ளிக்கும் நடுவே அப்படி நடந்து போக முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர். ஆனால் கிணத்துக்கடவைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் நான் சந்திக்கும் மாணவர்களில் பலருக்குக் கணினியியல் என்றால் ஒரு மொழியைக் கற்று வேலைக்குப் போவது மட்டுமே. தானியங்கிக் கோட்பாடு தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பாடமாக வந்து போய்விடுகிறது. டூரிங்கின் நிரூபணத்தைத் தங்கள் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்த்தவர்கள் வெகு சிலர். இது அவர்களின் குறையன்று. சொல்லிப் பார்க்க ஒருவரும் கேட்கவில்லை.

தொடங்க விரும்புகிறவருக்கு ஒன்று சொல்வேன். 2008இலிருந்து வந்த மாநாட்டுத் தொகுதிகளில் எதையாவது திறந்து, ஏதாவது ஒரு கட்டுரையின் முன்னுரையை மட்டும் படியுங்கள். என்ன கேள்வி, இதுவரை என்ன தெரியும், இவர்கள் புதிதாக எதைச் சேர்க்கிறார்கள் என்பது அதில் இருக்கும். முதல் கட்டுரைக்கு ஒரு மாதம் ஆகலாம். கூடப் படிக்க ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொரு வரியிலும் 'ஏன்?' என்று கேட்பவராக இருக்கட்டும். கட்டுரை அனுப்ப எந்தப் பெரிய கல்லூரியின் பெயரும் வேண்டியதில்லை. டிசம்பர் மாநாட்டுக்கான கடைசித் தேதி பெரும்பாலும் ஜூலையில் வரும்.